பாக்கெட் வாங்கினோம், சோறு போட்டோமா?

போன மாதம் எங்கள் வட்டார உழவர் கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து கேட்டார். இயற்கை விவசாயத்துக்குப் புதுசாக வந்தவர். "சார், வாழையில வாடல் வருது. எந்த பாட்டில் வாங்கி ஊத்தணும்? பேரை மட்டும் சொல்லுங்க, போதும்." ஆளுக்கொரு பேர் சொன்னோம். டிரைக்கோடெர்மா என்றார் ஒருவர். சூடோமோனாஸ் என்றார் இன்னொருவர். அதெல்லாம் வேண்டாம், ஜீவாமிர்தமே போதும் என்றார் மூன்றாமவர். தம்பி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கன்று எங்கிருந்து வாங்கினீங்க, வடிகால் இருக்கா, கடைசியா எப்போ தொழு உரம் போட்டீங்க என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. இதே கேள்வியை நானே ஒரு கடையில் போய்க் கேட்டவன்தான். அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பேங்க்கில் படிக்காத பாடம்

முப்பத்தைந்து வருஷம் பேங்க்கில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில். எத்தனை பயிர்க்கடன் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. 2018-ல் ஓய்வு பெற்று, முசிறிப் பக்கம் குத்தகைக்கு விட்டிருந்த அப்பாவின் நிலத்தைத் திரும்ப எடுத்தேன். 2019-ல் ஒரு ஏக்கரில் 900 ரஸ்தாளி வைத்தேன். ஏன் ரஸ்தாளி என்றால், சின்ன வயசில் எங்கள் வீட்டு முற்றத்தில் தார் தொங்கிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வேறு காரணம் இல்லை.

ஐந்தாம் மாசம் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகின. காம்பு ஒடிந்து மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கின. தண்டு அடியில் வெடித்தது. ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் புள்ளியும் கோடுமாக இருந்தது. பனாமா வாடல். ஃபுசேரியம் என்ற பூஞ்சாணத்தின் வேலை. அந்த வருஷம் 310 மரம் போனது.

செத்த இடத்திலேயே புதுக் கன்று வைத்தேன். அது முதல் தப்பு. அப்புறம் கடைக்குப் போய், "வாடலுக்கு இயற்கை மருந்து குடுங்க" என்றேன். தகரக் கூரை போட்ட கடை. வெயில் நேராக விழும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தேதியைப் பார்க்கவில்லை. அது இரண்டாம் தப்பு. சித்திரை வெயிலில், காய்ந்த மண்ணில், தூவிவிட்டு வந்தேன். மூன்றாம் தப்பு. பயத்தில் அதே வாரம் கார்பெண்டாசிம் கரைத்து வேரிலும் ஊற்றினேன். அது எல்லாவற்றுக்கும் மேல். கார்பெண்டாசிம் பூஞ்சாணக் கொல்லி. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான். காவலுக்கு ஆளை வைத்துவிட்டு அவர் சாப்பாட்டில் நானே விஷம் வைத்த கதை.

மறுபடியும் மரம் செத்தது. "நுண்ணுயிரியாவது ஒண்ணாவது, எல்லாம் ஏமாத்து வேலை" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், எழுபத்தைந்து வயசு, ஒருநாள் வரப்பில் நின்று கேட்டார்.

"மேனேஜர் சார், கோழி வாங்கியாந்து அடைச்சுப் போட்டா, தீவனம் வெக்காம முட்டையிடுமா?"

"அது எப்படிண்ணே இடும்?"

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் சார் சும்மா கெடந்து வேலை செய்யணும்?"

அந்தக் கேள்வியில்தான் என் இயற்கை விவசாயம் தொடங்கியது.

இவை என்ன வேலை செய்கின்றன?

டிரைக்கோடெர்மா மற்ற பூஞ்சாணங்களைத் தின்னும் என்பது இன்று நேற்று கண்டதில்லை. 1932-லேயே அமெரிக்காவில் வைன்ட்லிங் என்ற ஆராய்ச்சியாளர் எழுதி வைத்துவிட்டார். நோய்ப் பூஞ்சாணத்தின் இழையைச் சுற்றி வளைத்துக்கொண்டு, அதன் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளே இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். வேரைச் சுற்றி இடத்தையும் உணவையும் முதலிலேயே பிடித்துக்கொள்வதும் அதன் வேலை.

சூடோமோனாஸ் பாக்டீரியா. இதன் வழி வேறு. மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைச் சுரந்து, நோய்க் கிருமிக்கு அது கிடைக்காமல் செய்யும். 1980 வாக்கில் இதை விளக்கமாகக் கண்டுபிடித்தார்கள். தவிர, வேரில் குடியிருந்துகொண்டு, செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும். பேசில்லஸ் சப்டிலிஸ் கடினமான வித்துக்களாக மாறி வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும். வேர் உட்பூசணம், நாம் வாம் என்று சொல்வது, வேருக்குள் நுழைந்து வெளியே நூல் நூலாக நீண்டு, வேர் எட்டாத இடத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். மணிச்சத்து உரத்தை அள்ளிக் கொட்டிய மண்ணில் செடி இந்த உறவையே குறைத்துக்கொள்ளும். டிஏபி மூட்டையும் வாம் பாக்கெட்டும் ஒரே வண்டியில் வந்தால் இரண்டில் ஒன்று வீண்செலவு.

இவர்களுக்குச் சம்பளம் யார் தருவது? செடிதான். இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் வழியாக மண்ணில் விடுகிறது. அதோடு நாம் போடும் எரு, மூடாக்கு, மடக்கி உழுத பசுந்தாள். பேங்க் பாஷையில் சொன்னால் பாக்கெட்டில் வருவது கணக்கு ஆரம்பிக்கப் போடும் முதல் தொகை மட்டும்தான். அப்புறம் மாசாமாசம் வரவு இல்லாவிட்டால் அந்தக் கணக்கு முடங்கிவிடும்.

ஆயுள் நீண்ட மண்

வாழைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பழைய கதை ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவில் குரோ மிஷேல் என்ற ஒரே ரகத்தை லட்சக்கணக்கான ஏக்கரில் போட்டார்கள். பனாமா வாடல் அதைத் துடைத்துவிட்டது. 1960-களுக்குள் ஏற்றுமதித் தோட்டங்கள் எல்லாம் கேவண்டிஷ் ரகத்துக்கு மாறிவிட்டன. ஆனால் அதே வட்டாரத்தில் சில மண்ணில் சில வருஷத்திலேயே வாழை போய்விட்டது, வேறு சில மண்ணில் பல வருஷம் தாக்குப்பிடித்தது. அவற்றுக்கு ஆயுள் குறைந்த மண், ஆயுள் நீண்ட மண் என்றே பேர் வைத்தார்கள். களியின் தன்மையும் அதில் வாழும் உயிர்களும் சேர்ந்த விஷயம் அது.

பிரான்ஸில் ஷாத்தோரனார் என்ற இடத்து மண்ணில் ஃபுசேரியம் இருக்கிறது, ஆனால் முலாம்பழத்துக்கு வாடல் வருவதில்லை. அந்த மண்ணைச் சூடுபடுத்தினால் அந்தக் குணம் போய்விடுகிறது. சூடுபடுத்திய மண்ணில் பழைய மண்ணைக் கொஞ்சம் கலந்தால் குணம் திரும்பி வருகிறது. அப்படியானால் அந்தக் காவல் உயிருள்ளது. அதில் பெரிய பங்கு, நோய் செய்யாத ஃபுசேரியத்துக்கே. அதே குடும்பத்து நல்ல பிள்ளைகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு கெட்ட பிள்ளைக்கு இடம் இல்லாமல் செய்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு வந்த எண்ணம் இதுதான்: நோயை ஒழிப்பது நம் கையில் இல்லை. ஃபுசேரியத்தின் உறங்கும் வித்து மண்ணில் பல வருஷம், இருபது முப்பது வருஷம்கூட, கிடக்கும். அது இருந்தும் தலைதூக்க முடியாத மண்ணை உண்டாக்குவதுதான் நம்மால் முடிந்த வேலை. அதை எந்த பாட்டிலும் ஒரே மாதத்தில் செய்யாது.

மறுபடி நான் செய்தது

2021-லும் 2022-லும் வாழையை நிறுத்தினேன். நெல் போட்டேன். தண்ணீர் நிற்கும் வயலில் இந்தப் பூஞ்சாணத்தின் பலம் குறையும் என்பதால்தான் வாழைக்குப் பிறகு நெல் சுழற்சியைப் பரிந்துரைக்கிறார்கள். நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டு மடக்கி உழுதேன். நோய் வந்த மரங்களை ஏற்கனவே கிழங்கோடு தோண்டி, அந்த இடத்திலேயே எரித்திருந்தேன். மேட்டுப் பக்கத்திலிருந்து வடிகால் வெட்டினேன்.

2023-ல் மறுபடி 900 ரஸ்தாளி. இந்த முறை நோய் இல்லாத தோட்டத்தில் நானே நின்று கன்று எடுத்தேன். கிழங்கைச் சீவி, உள்ளே பழுப்புக் கோடு இருந்த கன்றை ஒதுக்கினேன். 900-ஐ இரண்டாகப் பிரித்தேன். 450-க்கு எரு, மூடாக்கு, நுண்ணுயிரி. மீதி 450-க்கு எருவும் மூடாக்கும் மட்டும்.

நுண்ணுயிரி கொடுத்த முறை இது. ஒரு கிலோ டிரைக்கோடெர்மா, நன்றாக மக்கிய 100 கிலோ தொழு உரம், 10 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. மூன்றையும் மரத்து நிழலில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், பிழிந்தால் தண்ணீர் சொட்டாது என்கிற ஈரத்தில் வைத்தேன். மேலே ஈரச் சாக்கு. நாலு நாளுக்கு ஒருமுறை புரட்டினேன். பதினைந்தாம் நாள் எரு முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அதைக் குழிக்குப் போட்டு, ஈரம் காயாமல் மூடாக்கு போட்டேன். ஒரு வாரம் இடைவெளி விட்டு சூடோமோனாஸைத் தனியாக எருவோடு கலந்து கொடுத்தேன். பிறகு மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும் அதே மாதிரி.

அறுவடை வரை, நுண்ணுயிரி கொடுத்த பாதியில் வாடலில் போனது 31 மரம். கொடுக்காத பாதியில் 74. வடிகாலை ஒட்டிய கடைசி இரண்டு வரிசையில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செத்தன. தண்ணீர் தேங்கும் இடத்தில் எந்த நுண்ணுயிரியும் என்னைக் காப்பாற்றவில்லை. இது ஒரு தோட்டம், ஒரு பருவம். இதை வைத்து ஊருக்குச் சட்டம் போட மாட்டேன். ஆனால் கவனியுங்கள், 2019-ல் ஏக்கருக்கு 310 போன இடத்தில், நுண்ணுயிரி கொடுக்காத பாதியிலும்கூட இழப்பு பாதியாகிவிட்டது. சுழற்சிக்கும் பசுந்தாளுக்கும் நல்ல கன்றுக்கும் கிடைத்த பலன் அது. அதன் மேல்தான் நுண்ணுயிரி உட்கார்ந்தது. அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது.

நம்மவர்களிடம் இரண்டு சண்டை

முதல் சண்டை பாட்டில் பக்தர்களோடு. ரசாயனக் கடைக்கு எதிர்க்கடைக்கு மாறியதையே இயற்கை விவசாயம் என்று நினைக்கிறோம். அன்று பூச்சிமருந்து டின், இன்று உயிரியல் பாக்கெட். கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை. வாங்கத்தான் போகிறோம் என்றால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்குவோம். நோய் எதிர்க்கும் நுண்ணுயிரிகள் 1968-ம் வருஷப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டியவை. பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி மூன்றும் உறையில் இருக்க வேண்டும். டிரைக்கோடெர்மாவில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம், சூடோமோனாஸில் 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது அளவு. டால்க் பவுடரில் வரும் பாக்கெட்டில் மாதம் ஆக ஆக இந்த எண்ணிக்கை விழும். மூன்று மாதத்துக்குள் தயாரித்ததைக் கேட்டு வாங்குங்கள். வெயிலில் வைத்திருந்தால் தேதி சரியாக இருந்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை. வெந்த சோற்றை ஆறவைத்து, கொதிநீரில் கழுவிய இரண்டு கிண்ணத்தில் போடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா. இரண்டையும் மூடி நிழலில் வையுங்கள். நாலைந்து நாளில் பவுடர் போட்டதில் மட்டும் சீராகப் பச்சை பூத்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலும் ஒரே மாதிரிப் பூத்தால் அது வெறும் ஊசல் பூஞ்சாணம். நுட்பமான சோதனை இல்லைதான். ஆனால் செத்த பாக்கெட்டை அடையாளம் காட்டிவிடும். மூடியைத் திறந்து முகர்ந்து மட்டும் பார்க்காதீர்கள்.

இரண்டாவது சண்டை, எதையும் வாங்காதே, டிரம்மில் ஊற வைத்தால் எல்லாம் பெருகும் என்று சொல்பவர்களோடு. ஜீவாமிர்தம் நானும் போடுகிறேன். அது மண்ணுக்கு நல்ல சோறு, நல்ல கூட்டம். ஆனால் வாடலை எதிர்க்கும் குறிப்பிட்ட ஓர் உயிர், தேவையான எண்ணிக்கையில் அதில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வீர்கள்? ஒரு பாக்கெட்டை வெல்லத் தண்ணீரில் கரைத்து, அதிலிருந்து எடுத்து மறுபடி, அதிலிருந்து மறுபடி என்று வருஷம் முழுக்க ஓட்டுகிறோம். நாலாவது தடவை டிரம்மில் இருப்பது யார்? வெல்லத்தைப் பார்த்து ஓடிவந்த வேறு கிருமிகளாகவும் இருக்கலாம். எண்ணாமல் வரவு வைக்கிற கணக்கு அது. தணிக்கைக்காரர் ஒருத்தரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நுண்ணுயிரி நோய் வருமுன் காப்பதற்கு. இலை தொங்கிய மரத்தை எழுப்பி நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மரத்தைத் தோண்டி அழித்து, வெட்டிய கத்தியையும் மண்வெட்டியையும் கழுவிவிட்டு அடுத்த வரிசைக்குப் போங்கள்.

நாம் கேட்க வேண்டியது

நம் இயக்கம் இதில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். நம்மாழ்வார் ஐயா 2013-ல் மறைந்தபோது நான் பேங்க் நாற்காலியில் இருந்தேன். மண்ணுக்கு உயிர் உண்டு என்று அவர் ஊர் ஊராகச் சொன்னது அப்போது என் காதில் விழுந்தும் உள்ளே போகவில்லை. ஏனென்றால் என் மேஜையில் இருந்த தாளில் மண் என்ற வரி இல்லை. பயிர்க்கடனுக்கு மாவட்ட அளவில் ஸ்கேல் ஆஃப் ஃபைனான்ஸ் என்று ஏக்கருக்கு ஒரு தொகை நிர்ணயிப்பார்கள். விதை, உரம், பூச்சிமருந்து, கூலி. நான் பார்த்த தாள்களில் பசுந்தாளுக்கோ, எருவுக்கோ, ஒரு பருவம் மண்ணை ஆறப்போடுவதற்கோ தனி வரி பார்த்த ஞாபகம் இல்லை. அந்தத் தொகை நிர்ணயக் கூட்டங்களுக்கு நம் உழவர் பிரதிநிதிகள் போய் அந்த வரியைக் கேட்க வேண்டும்.

அரசு டிப்போக்களிலும் தனியார் கடைகளிலும் நுண்ணுயிரிகளை நிழலில், குளுமையில் வைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். பாக்கெட்டுகளைக் கடையிலிருந்தே மாதிரி எடுத்து எண்ணிப் பார்த்து, முடிவை விவசாயிக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்க வேண்டும். 1993 முதல் திருச்சிக்குப் பக்கத்திலேயே தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. அவர்களை எதிரியாக நினைக்காமல், நம் டிரம்மில் இருப்பதை எடுத்துக்கொண்டு போய் "எண்ணிச் சொல்லுங்கய்யா" என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அவசரமும் இருக்கிறது. கேவண்டிஷையே கொல்லும் புதுவகை வாடல் பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் வந்துவிட்டது. ஜி-9 போட்டால் வாடல் வராது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இது எச்சரிக்கைதான். வெளி மாநிலக் கன்றையும், மண் ஒட்டிய வண்டிச் சக்கரத்தையும் தோட்டத்துக்குள் விடாதீர்கள். வந்த பிறகு மண்ணை உயிராக்க உட்கார்ந்தால் நேரம் இருக்காது. ரஸ்தாளியை இழந்துகொண்டிருக்கிறோம். அடுத்ததையும் இழக்கக் கூடாது.

அந்தத் தம்பிக்கு நான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். பாட்டில் பேரை அப்புறம் எழுதுங்க தம்பி. முதல்ல ஒரு மரத்தைத் தோண்டிக் கிழங்கை வெட்டிப் பாருங்க. வடிகாலைப் பாருங்க. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மோந்து பாருங்க, மழை பேஞ்ச வாசனை வருதா? ரெண்டு வண்டி எரு சேருங்க. பாக்கெட் வாங்கினா நாலு வரிசையைக் கொடுக்காம விட்டு, ரெண்டையும் நோட்டில் எழுதுங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டோட வாங்க.

அவர் இதைப் படித்தால் ஒருநாள் என் தோட்டத்துக்கும் வரட்டும். நிற்கிற வாழையையும் காட்டுகிறேன், வடிகால் ஓரம் செத்த இரண்டு வரிசையையும் காட்டுகிறேன்.